மீனம்மாவுக்குப் போன் வரல

திரையைப் பார்த்ததும் ஷாமிலாவின் கை தானாகப் பின்னுக்கு வந்தது.

'நான் மீனம்மா. மழை ஊத்துது. எனக்குப் போன் வரல.'

ஹட்டன் பஜாரில், புடவைக்கடைக்கு மேல்மாடியில் அந்த ஆபீஸ். மலையில் மழை அளவு மீறினால் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்களுக்குப் போனில் எச்சரிக்கை அழைப்பு அனுப்புகிற சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தார்கள். தினமும் காலையில் கம்ப்யூட்டருக்குள் பொய்யாக ஒரு மழையைப் பெய்யவிட்டு, எல்லோருக்கும் அழைப்பு போகிறதா என்று டெஸ்ட் ஓட்டிப் பார்ப்பது ஷாமிலாவின் வேலை.

ஃபெயிலானால் சிவப்பு எழுத்தில் இங்கிலீஷும் எண்களும் பக்கம் பக்கமாகக் கொட்டும். யாரும் வாசித்ததில்லை. அவளும்தான். 'பிறகு' என்று குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள்.

இன்று அந்தக் குப்பையைக் காணோம். ஒரே ஒரு வரி. அதுவும் தமிழில்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று மூடிவிட்டாள்.

மறுநாள் ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கடைகூடத் தெரியாமல் பனி மூடியிருந்தது. டெஸ்டை ஓட்டினாள்.

'நான் மீனம்மா. பின்செவரு நனைஞ்சிருச்சு. எனக்குப் போன் வரல.'

அதற்கு மறுநாள்:

'நான் மீனம்மா. செவரு சாயுது. புள்ளைங்க உள்ள இருக்கு.'

ஷாமிலா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். "கௌசி, இங்க வாயேன்!"

பக்கத்து மேசை கௌசி வந்து வாசித்தாள். முகம் வெளுத்துப்போனது.

"போன வருசம் மண்சரிவுல போனாங்களே, அவங்கள்ல ஒருத்தரா இருக்கும்டி. யோகேஸ் அண்ணன் இருந்த தோட்டம்!"

யோகேஸ்வரன் புதிதாகச் சேர்ந்தவர். அந்த மண்சரிவில் மனைவியைப் பறிகொடுத்தவர். யாரோடும் அதிகம் பேசமாட்டார்.

சத்தம் கேட்டு முதலாளி ராமநாதன் வந்தார். வாசித்ததும் அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்தது.

"இதை வாங்குற தோட்டக் கம்பனிக்காரங்க பார்க்க வர்ற நேரத்துல பேய் பிசாசெல்லாம் எதுக்கு? அழிங்க அதை!"

ஷாமிலா நேராக யோகேஸ்வரனிடம் போனாள்.

"அண்ணே, இது உங்க வேலையா?"

"ஆமா தங்கச்சி. ஃபெயிலானா என்னன்னு வாசிச்சதும் புரியட்டும்னு மாத்துனேன். திருத்தாம விட்டா, நாளுக்கு ஒண்ணா அடுத்த வரி வரும்."

"அதுக்காகச் செத்தவங்களப் பேச வைக்கிறதா? மனசாட்சி இருக்காண்ணே உங்களுக்கு?"

அவர் போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

கொரகொரவென்று இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல்.

"நான் மீனம்மா..."

கௌசி "முருகா!" என்று ஷாமிலாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"...பேசுறேன். சொல்லுங்க தம்பி. இங்க வட்டகொடையில ஒரே மழை. இன்னைக்கும் புள்ளைங்களோட இதே லயத்துலதான் படுக்கணும். ஏதும்னா உங்க போன் வந்துரும்தானே?"

"வந்துரும்க்கா" என்றார் யோகேஸ்வரன், ஷாமிலாவைப் பார்த்தபடி.

அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். மீனம்மாவின் லயம் தவறுதலாக இரண்டு தடவை பதிவாகியிருந்தது. அதில் குழம்பிப்போய் அந்த லயத்தையே சாஃப்ட்வேர் தாண்டிப் போயிருந்தது. சாயங்காலத்துக்குள் திருத்திவிட்டாள். மறுபடி மழையைப் பெய்யவிட்டபோது ராமநாதனும் பின்னால் வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரையில் சிவப்பே இல்லை. மீனம்மாவின் லயத்துக்கு அழைப்பு போயிருந்தது.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, ஷாமிலாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவங்க உயிரோட இருக்காங்கன்னு முதல் நாளே எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமேண்ணே?"

யோகேஸ்வரன் குடையை விரித்தார்.

"செத்தவங்கன்னு நெனச்சதாலதானே தங்கச்சி, இன்னைக்கு எல்லாரும் நின்னு வாசிச்சீங்க?"