வீக்கம் வற்றும்வரை

பந்தயக் குத்துச்சண்டைக்காரன் மாசிலாமணி கத்திக்குத்தில் இறந்தபோது, குத்தியவனின் முகத்தைப் பார்த்தது மனைவி எஸ்தர் மட்டும்தான். அடக்கம் முடிந்த மறுநாள், மாசிலாமணியிடம் பயின்றவர்கள் ஒருவனை அடித்து இழுத்துவந்து அவள் முன்னால் போட்டார்கள்.

"இவன்தான அண்ணி? ஊம்னு சொல்லு, இங்கயே முடிச்சிடறோம்."

"மூஞ்சிய பூசணிக்கா மாதிரி வீங்க வெச்சிட்டு யாருன்னு கேட்டா? போய் ஐஸ் வாங்கினு வாங்கடா."

ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் கணவனுக்குச் செய்ததைப் போலவே, ஐஸைத் துணியில் சுற்றி, கீழே கிடந்தவனின் கண்களின்மேல் வலிக்காமல் ஒற்றினாள். வெகுநேரம் கழித்து ஒரு கண் மெல்லத் திறந்து அவளைப் பார்த்தது. எஸ்தரின் கை அப்படியே நின்றது.

"தெரியுதா அண்ணி?"

அவள் அந்தக் கண்ணை உள்ளங்கையால் மூடினாள்.

"இன்னும் வத்தலடா. இன்னொரு கட்டி வாங்கினு வாங்க."