பத்து நாள் சவுக்காரம்

விடிந்ததிலிருந்து மூன்றாவது முறையாக அய்யாவு கை கழுவிக்கொண்டிருந்தான்.

மலாயாவில், செடெனாக் ரப்பர் தோட்டத்து லயத்துக் குழாயடியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். மாப்பிள்ளை ஆகப் போகிறாயா என்று ஒருத்தி கேட்டே விட்டாள். பெண்டாட்டி செத்து நாலு மாதம்கூட ஆகாதவனிடம் கேட்கிற கேள்வியா அது? அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கையில் இருந்தது பாதி தேய்ந்த பச்சைச் சவுக்காரம். துரைசானி கழித்துப் போட்டதைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசர் மணியம் எடுத்து வைத்திருந்து கொடுத்தார். ஆலிவ் என்று ஏதோ சீமை மரத்துப் பழமாம், அதன் எண்ணெயில் செய்ததாம். ஆஸ்பத்திரியில் இருந்த அதே எண்ணெயில் ஒரு சின்னப் புட்டியும் தந்து, ராத்திரி பூசிக்கொண்டு படு, பத்து நாளில் கை பஞ்சாகிவிடும் என்றார்.

அய்யாவுக்கு ஸ்டோரில் வேலை. ரப்பர் பால் உறைய ஆசிட் ஊற்றிக் கலக்க வேண்டும். ஆறு வருஷத்தில் உள்ளங்கை காய்ந்த வாய்க்கால் மாதிரி பிளந்து கிடந்தது. அந்தக் கை பட்டாலே மகள் செல்வராணி வீறிட்டு அழுவாள். ஐந்து மாதக் குழந்தையின் தோல் தாங்குமா? பக்கத்து வீட்டு ராஜம்மாதான் அவளை வளர்த்தாள். பெற்றவன் ஒரு நாள்கூட நிம்மதியாகத் தூக்கி வைத்திருந்ததில்லை.

ஒரே ஒரு தடவை அழாமல் இந்தக் கையில் கிடக்கட்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கையை வேட்டியில் ஒற்றிக்கொண்டு ராஜம்மா வீட்டுக்குள் போனான். அவள் பிள்ளையை நீட்டினாள்.

செல்வராணி ஒருமுறை நெளிந்தாள். அழத்தான் போகிறாள் என்று அய்யாவு கண்ணை மூடிக்கொண்டான். சத்தமே இல்லை. திறந்து பார்த்தால், அவன் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுவலையே அய்யாவு," என்றாள் ராஜம்மா. சொல்லிவிட்டு அவள் அழுதாள்.

அய்யாவுக்குத் தாளவில்லை. என் கைதான் அவளுக்கு ஆகாதே, போகிற இடத்தில் நன்றாக இருக்கட்டும் என்று சொல்லிச் சொல்லித்தான் பத்து நாளைக்கு முன் மனசைத் தேற்றிக்கொண்டு சம்மதித்தான். சம்மதித்த அன்றைக்கே டிரசரிடம் போய் நின்றான். இனி அதைச் சொல்லித் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. பாவி, தானே கெடுத்துக்கொண்டான்.

ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆள் குறைக்கிறார்கள். ராஜம்மா வீட்டுக்குச் சீட்டுக் கிழிந்துவிட்டது; நாளைக்கு ஊருக்குக் கப்பல். அவன் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆள் கிடையாது.

வாசலில் கோத்தா திங்கி டவுன் கடைக்காரர் தங்கராஜுவும் அவர் மனைவி சந்திரமதியும் வந்து நின்றார்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளை இல்லை. நல்ல மாதிரிதான். சந்திரமதி கையில் ஒரு முறம், அதில் தவிடு. பிள்ளையைச் சும்மா வாங்கக் கூடாது, தவிடு கொடுத்து வாங்கினால்தான் தங்கும் என்பது நம்மவர்கள் வழக்கம்.

அவர்களிடம் கொடுக்க ராஜம்மா பிள்ளைக்குக் கை நீட்டினாள். செல்வராணி விரலை விடவில்லை.

சந்திரமதி தயங்கித் தயங்கி முறத்தை நீட்டினாள். "ரெண்டு கையாலயும் வாங்கணும்ண்ணே."

அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், அய்யாவுதான் பிரித்தான்.