அஞ்சு நிமிஷ மோட்டார்

“அண்ணாச்சி, கையை மட்டும் உடைச்சிராதீங்க. கை இல்லன்னா உங்க மோட்டாரை யாரு சரி பண்ணுவா?”

எலியேசர் இப்படிக் கும்பிட்டதும் ஜோதிலிங்கம் ஓங்கிய ஸ்பானரைத் தாழ்த்தினார். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. புறங்கையால் ஓர் அறை விட்டார். எலியேசரின் உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது.

மயூர் விஹாருக்குப் பின்னால், யமுனையின் கரைமேட்டில் இருக்கிறது எலியேசரின் தகரக் கொட்டகை. தூத்துக்குடிக்காரர், நரைத்த தலை. பழைய படகு மோட்டாரைத் தொட அந்த வட்டாரத்தில் அவரை விட்டால் ஆளில்லை. இல்லாவிட்டால் ஜோதிலிங்கம் இங்கே ஏன் வருகிறார்?

ஜோதிலிங்கம் கட்டட வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் மதுரைக்காரர். மகள் கனிமொழி ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூட வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொண்டு முந்தாநாள் ஓடிவிட்டாள். இருவரும் ஆற்றோரச் செடிப் பண்ணையில் ஒளிந்திருக்க, ராத்திரி வந்த வெள்ளம் பண்ணையைத் தீவாக்கிவிட்டது. பம்ப் ரூம் மொட்டைமாடியில் அவர்கள் நிற்பதைக் காலையில் ஒரு வேலையாள் பார்த்துச் சொன்னான். அரிவாளோடு படகில் பாய்ந்தார் அப்பா. பாதி ஆற்றில் மோட்டார் படுத்துவிட்டது.

“ஸ்டார்ட் ஆகுது. அஞ்சு நிமிஷம் ஜோரா ஓடுது. அப்புறம் இழுவை குறைஞ்சு, இருமி, செத்துப்போகுது. துடுப்புப் போட்டே திரும்பி வந்தேன்டா. ஜல்தி பாரு! வெட்டிட்டு வந்துதான் பச்சைத் தண்ணி குடிப்பேன்.”

“பெத்த பிள்ளையையா அண்ணாச்சி?”

“ரெண்டையும்.”

“பையன் யாரு?”

“எவனோ. பேரு எதுக்கு? எனக்குத் தலை போதும்.”

வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே, “வேற ஆளைப் பாருய்யா” என்றிருப்பார்கள். எலியேசரோ சரி சரியென்று தலையாட்டிவிட்டு வேலையில் உட்கார்ந்தார். சே, இப்படியும் ஒரு மனுஷன்! ஒரு பெண்ணை வெட்டப் போகிறவனுக்கு மோட்டார் சரி பண்ணிக் கொடுக்கிறாராம்.

முதலில் பெட்ரோல் டேங்கைத் தடவிப் பார்த்தார். பிளாஸ்டிக் டேங்க், பட்டினி கிடந்த வயிறு மாதிரி உள்வாங்கிக் கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுப் பிளக்கைக் கழற்றப் போனார்.

“பிளக்ல கரி அண்ணாச்சி.” இரண்டையும் சுரண்டி மாட்டினார். மோட்டாரைத் தண்ணீர் ட்ரம்முக்குள் இறக்கி ஓட்டினார். சரியாக ஐந்து நிமிடம். இருமியது, நின்றது. ஜோதிலிங்கம் அவர் விலாவில் எட்டி உதைத்தார்.

“அப்ப கார்புரேட்டர்தான்.” அதைக் கழற்றி, கழுவி, ஊதி, மாட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. மறுபடியும் ஐந்து நிமிடம். மறுபடியும் நின்றது.

இந்தத் தடவை ஸ்பானர் எலியேசரின் இடது கை மேலேயே இறங்கியது. இரண்டு விரல்கள் நசுங்கின. அவர் போட்ட அலறலில் மேட்டில் கட்டியிருந்த எருமைகள் மிரண்டு எழுந்தன.

“நீ மெக்கானிக்கா, மாடு மேய்க்கிறவனா?” அரிவாள் கழுத்தில் பதிந்தது. தோல் கீறி ஒரு கோடு சிவந்தது.

“ஐயோ அண்ணாச்சி, தண்ணிக்குள்ள சுத்துத காத்தாடியையும் பார்த்திருதேன்! பூசைக் குப்பை சுத்தியிருக்கும்.” ஆற்றில் எறிந்த மாலையும் பாலிதீன் பையும் நிஜமாகவே சுற்றியிருந்தன. ஒற்றைக் கையால் ஒவ்வொரு இழையாக அறுத்து எடுத்தார். அதற்கும் முக்கால் மணி நேரம். அப்புறமும் மோட்டார் ஐந்தாவது நிமிடம் செத்தது. அதற்கும் அடி விழுந்தது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எலியேசர் எடுத்துப் பார்த்தார்.

“எவன்டா?”

“வீட்டுக்காரி. சாப்பிட வரலியான்னு கேக்கா.”

வாயெல்லாம் ரத்தம். இதில் சாப்பாடு ஒன்றுதான் குறைச்சல்! போனை வைத்துவிட்டு டேங்கின் பக்கம் போனார்.

“அட! அண்ணாச்சி, மூடியில இருக்க இந்தக் குட்டித் திருகை யாரு இறுக்குனது? இது வழியாத்தான் உள்ள காத்து போகணும். காத்து போகலன்னா பெட்ரோல் எப்படி வெளிய வரும்?”

ஜோதிலிங்கம் விழித்தார். “டெம்போவுல வரும்போது சிந்தக் கூடாதுன்னு நான்தான்டா இறுக்கினேன். தூ! இதுக்கா மூணு மணி நேரம்?”

எலியேசர் திருகைத் தளர்த்தினார். ‘புஸ்’ஸென்று காற்றை உறிஞ்சி டேங்க் உப்பியது. கயிற்றை ஒரே இழு. ஐந்து நிமிடம் ஓடியது, பத்து நிமிடம் ஓடியது. சத்தம் குறையவே இல்லை.

மோட்டாரைத் தூக்கிப் படகில் மாட்டினார் ஜோதிலிங்கம். அரிவாளை இடுப்பில் செருகி, ஒரு காலைப் படகில் வைத்தார். “அச்சா. இன்னைக்கு ரெண்டு தலை உருளுது பாரு!”

எலியேசர் நசுங்கிய விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டார். நல்ல கையில் பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டார். மூன்று மணி நேரமாகக் கூனிக் கிடந்த முதுகு நிமிர்ந்தது.

“எதுக்கு வீணா அலையுதீங்க? மீட்புப் படகு அங்க போய்ட்டு வந்தாச்சு.”

“என்னடா உளறுற?”

“பிள்ளைய ரெண்டும் ரயிலேறியாச்சு, சம்பந்தி.”