காத்து வரட்டும்

முன்வரிசையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. அதன் முதுகில் அவள் கணவரின் பெயரை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்.

மேடையில் நீலத்துணி விரித்த மேசை. அதன்மேல் சின்னச் சின்னப் பெட்டிகளில் பதக்கங்கள். போர்க்காலத்தில் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவர்களின் ஞாபகம், நாற்பது வருடம் கழித்து இப்போதுதான் அரசாங்கத்துக்கு வந்திருந்தது.

அவர் கப்பலில் இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிற ஆளாக இருந்தவர். இப்போது அரங்கத்தின் கடைசியில், கதவோரமாக நின்றுகொண்டிருப்பார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும்.

கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். படுக்கையறைக் கதவைச் சாத்த விடமாட்டார். கைப்பிடியில் கயிறு கட்டி ஜன்னல் கம்பியோடு முடிந்துவிடுவார். ஏன் என்று கேட்டால், "காத்து வரட்டும்" என்பார். பல் கிடுகிடுக்கும் குளிரிலும் அதே பதில். கூட்டுக் குடும்பத்தில் வெட்கம் பிடுங்கித் தின்ன, அவள்தான் ஒரு திரை தைத்து மாட்டினாள்.

குளிக்கும்போதுகூடக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, யாரும் வந்துவிடாதபடி உரக்கப் பாடுவார். அந்தக் குரலுக்குப் பயந்தே யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. உறவுக்காரர் வீடுகளுக்குப் போனால் வாசலை ஒட்டிய நாற்காலி. காலில் மாட்டிய செருப்பைக் கழற்றமாட்டார்.

"உன் வீட்டுக்காரர் எப்பவும் ஒரு காலை வெளியிலயே வச்சிருக்காருடி" என்று அக்கா ஒருமுறை சிரித்தாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அது அவளுக்குள் போய் முள்ளாகத் தங்கிவிட்டது. வேண்டாவெறுப்பாக என்னைக் கட்டிக்கொண்ட மனிதர். என்றைக்காவது எழுந்து போய்விடுவார்.

போன மாதம் மகன் அடுக்குமாடியில் வீடு வாங்கினான். அறைக்கு அறை ஸ்பிரிங் வைத்த கதவு. கையை விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். அவர் ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்து, "நான் வரல. நீ போய் இரு" என்றார். பேச்சு அவ்வளவுதான்.

அவள் பெட்டி இப்போது வெளியே மகனுடைய காரில் இருந்தது. விழா முடிந்ததும் நேராக அங்கேதான். கடைசி நேரத்திலாவது தடுப்பார் என்று நினைத்திருந்தாள். பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்ததே அவர்தான்.

இத்தனை பேர் பார்க்க, இன்று ஒரு நாளாவது பக்கத்தில் வந்து உட்காரக்கூடாதா?

"உங்க வீட்டுக்காரரும் கதவுகிட்டதானா?"

மறுபக்கத்திலிருந்து கேட்டது ஒரு பருத்த பெண்மணி. கப்பல் சமையல்காரரின் மனைவி. அவளுக்கும் இவளுக்கும் நடுவிலும் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. இவள் அதைக் கவனிக்கவே இல்லை.

எட்டி வரிசையைப் பார்த்தாள். ஒரு மனைவி, ஒரு காலி நாற்காலி. மறுபடி ஒரு மனைவி, மறுபடி காலி. கடைசிவரை அப்படித்தான்.

அப்போதுதான் திரும்பினாள்.

பதக்கம் வாங்க வந்த கிழவர்கள் எல்லோரும் கதவருகே ஒட்டிக்கொண்டு நின்றார்கள். வேறு வேறு கப்பல், ஒருவரை ஒருவர் தெரியாது. இந்தக் கதவுக்கும் ஸ்பிரிங் இருந்தது. அது சாத்திக்கொள்ளாதபடி அவள் கணவர் ஒரு காலை நிலையோரம் வைத்திருந்தார். ஏசி வீணாகிறது என்று காவலாளி கெஞ்சிக்கொண்டிருந்தான். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் காது கேட்காமல் போயிருந்தது.

"கப்பல்ல குண்டு விழுந்தா கதவு நிலை கோணிக்குமாம்" என்றாள் சமையல்காரரின் மனைவி. "அப்புறம் அது திறக்காதாம். உள்ள இருக்கறவன் உள்ளயேதான். வெளிய நிக்கறவன் அவன் தட்டறதக் கேட்டுக்கிட்டே நிக்கணும். எங்காளு ஒருவாட்டி ஜுரத்துல உளறினாரு. தெளிஞ்சப்புறம் கேட்டா மூச்சு விடல. இவங்க வாயை மட்டும்தான் சாத்தி வைப்பாங்க."

"நான் வேற மாதிரி நெனச்சுட்டேங்க."

"யாருதான் நெனைக்கல?"

பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினார்கள். ஒவ்வொருவராகப் போய்ச் சட்டையில் பதக்கம் குத்திக்கொண்டு, புகைப்படத்துக்காக மேடையிலேயே வரிசையாக நின்றார்கள். கதவருகே கூட்டம் கரைந்தது. கடைசியில் அவர் மட்டும் மிஞ்சினார். பக்கத்தில் காவலாளி, கதவு எப்போது தன் கைக்கு வரும் என்று பார்த்தபடி.

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவர் அசையவில்லை. நிறைந்த அரங்கத்தைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார்.

மறுபடி கூப்பிட்டார்கள். யாரோ சிரித்தார்கள். மேடையில் இருந்த அதிகாரி அவருடைய பதக்கப் பெட்டியை மூடப் போனார்.

அவள் எழுந்தாள். நடுப்பாதையில் வேகமாக நடந்து கதவருகே வந்து, அவர் காலை ஒட்டித் தன் காலை வைத்தாள்.

"நான் பிடிச்சுக்கறேன். நீங்க போங்க."

அவர் அவள் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

போனார். மேடைவரைக்கும் அவர் ஒருமுறைகூடத் திரும்பிக் கதவைப் பார்க்கவில்லை.

"அம்மா, ஏசியெல்லாம் வெளிய போகுதும்மா" என்றான் காவலாளி.

"காத்து வரட்டும் தம்பி."

ஸ்பிரிங் கதவு அவள் காலை விடாமல் தள்ளிக்கொண்டிருந்தது. கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தாள். மகன் வீட்டுக் கதவுகளில் இருப்பதும் இதே மாதிரி ஸ்பிரிங்தான். பெரிய வேலை ஒன்றுமில்லை. ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் கழற்றிவிடலாம்.