இரும்புச் சன்னம்

"ஈயம் வேண்டாம் தம்பி. துவக்குக்குப் போட இரும்புச் சன்னமாப் பார்த்துத் தாரும்" என்றார் வினிபிரட் ரீச்சர்.

கடை மேசையில் கிடந்த காற்றுத் துவக்கு, குரங்கு கலைக்கவென்று தோட்டஞ் செய்கிற ஊர்க் கமக்காரர் அமைப்பு வாங்கியது. பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் என்று, ஓய்வுபெற்ற ரீச்சரின் பொறுப்பில் விட்டிருந்தார்கள். லீவு நாட்களில் பக்கத்து வீட்டு வாகீசனும் அதை வாங்கிச் சுடுவான்.

சாவகச்சேரியில் தண்ணீர்ப் பம்பும் துவக்கும் திருத்துகிற கேதீஸ்வரனுக்கு மனது ஒருமாதிரி ஆகிவிட்டது. தேவாலயத்தில் பாடுகிற மனுசிக்கு இவ்வளவு வன்மமா?

"இரும்பெண்டால் அதுகளுக்குக் கூட நோகுமெண்டு நினைக்கிறியளோ? குழல்தான் பழுதாப் போகும் ரீச்சர். உள்ளுக்குப் புரி வெட்டியிருக்கு. ஈயம் மெதுவானது, புரியோடை சுழண்டு நேராப் போகும். இரும்பு அந்தப் புரியைத் தேய்ச்சுப்போடும். பிறகு ஆர் சுட்டாலும் குறி தப்பும்."

"ஆர் சுட்டாலுமோ?"

"ஓம். எப்பிடிப்பட்ட சூரன் சுட்டாலும்."

ரீச்சர் காசை எடுத்து மேசையில் வைத்தார். இரும்புச் சன்னத்தையே வாங்கிக்கொண்டு போனார்.

மாம்பழக் காலம் முடிகிற நேரம் வாகீசன் துவக்கோடு கடைக்கு வந்தான். "அண்ணை, ஒண்டும் படுதில்லை. மாங்காய் முழுக்கக் குரங்குக்குத்தான்."

கேதீஸ்வரன் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புரி தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. அமைப்பிடம் சொல்லிப் புதுக் குழல் எடுப்பித்தார். இனி ஈயந்தான் என்று ரீச்சருக்கு நேரில் ஒருக்கால் சொல்லிப் போட்டுத்தான் பூட்டவேண்டும் என்று துவக்கையும் குழலையும் அவர் வீட்டுக்குக் கொண்டு போனார்.

முன் கதவு சாத்தியிருந்தது. பின்பக்கம் ரீச்சரின் குரல் கேட்டது. "மெல்லத் தின்னுங்கோ. அவன்ரை பங்கைப் பறிக்கக் கூடாது."

கனடாவிலிருந்து ரீச்சரின் பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள் போலும் என்று கேதீஸ்வரனுக்குச் சந்தோசமாக இருந்தது. வீட்டைச் சுற்றிப் போனார்.

கிணற்றுக் கட்டில் ரீச்சர் பப்பாப்பழம் வெட்டிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு தாய்க்குரங்கும், அதன் வயிற்றில் ஒட்டியபடி ஒரு குட்டியும், இன்னும் சிலவும். ஆள் வந்ததைக் கண்டு எல்லாம் மதிலால் பாய்ந்து ஓடின.

ரீச்சர் வெறும் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேதீஸ்வரன் கையிலிருந்த புதுக் குழலைப் பார்த்தார்.

"அதைப் பூட்டாதையும் தம்பி. இந்த வளவுக்கை வாறது அதுகள் மட்டுந்தான்."