கணுக்கால் தண்ணி போதும்

“அந்தப் படகை வித்துட்டு அப்புறம் வீட்டுக்குள்ள வாங்க” என்று சொல்லிவிட்டாள் நூர் பீவி.

அவள் புருஷன் மதார் மைதீனுக்குப் பழைய சாமான் வியாபாரம். ஏலத்தில் மலிவாக வருகிறதே என்று தூத்துக்குடியிலிருந்து ஒரு சின்னப் பாய்மரப் படகை லோடு ஏற்றிப் பாளையம்பட்டிக்குக் கொண்டுவந்துவிட்டார். வந்து பார்த்தால் அடியில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. அதன்மேல் ஒரு சாக்கை விரித்துப் போட்டு வைத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நரிக்குடி முத்துமணி வந்து நின்றான்.

“எங்க கண்மாயில ஓட்டணும் அண்ணாச்சி. ஆழமெல்லாம் கெடையாது. ஓடுமா?”

“கணுக்கால் தண்ணி போதும் தம்பி!”

“அதவிடக் கம்மியா இருந்தா?”

“ஈரம் இருந்தாலே பிச்சுக்கிட்டுப் போகும்!”

முத்துமணி பாயை உதறிப் பார்த்தான், மரத்தை ஆட்டிப் பார்த்தான், சாக்குப் பக்கமே போகவில்லை. அன்றைக்கே படகு லாரி ஏறியது. மதாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆடி பிறந்ததும் போன் வந்தது.

“மொத சவாரி நீங்கதான் அண்ணாச்சி. நீங்க வராம நான் ஏற மாட்டேன்.”

நீச்சல் தெரியாத மதார், பிஸ்மி சொல்லிக்கொண்டே நரிக்குடியில் போய் இறங்கினார். கண்மாயில் பொட்டுத் தண்ணி இல்லை. இறுகிக் கிடந்த தரையில், பழைய பைக் சக்கரங்களின்மேல் படகு நின்றது!

ஏறி உட்கார்ந்ததும் முத்துமணி பாயை விரித்தான். ஆடிக்காற்று அப்படியே அள்ளிக்கொண்டு போனது. ஆடுகள் சிதறி ஓடின. “யா அல்லா!” என்று அலறிய மதார், பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்து நிறுத்தவே இல்லை.

“சக்கரத்து அச்ச முடுக்க அடியில எப்படித் தொளை போடுறதுன்னு மலைச்சுப்போய் இருந்தேன்” என்று காற்றோடு கத்தினான் முத்துமணி. “சாக்க எடுத்தா, நீங்களே போட்டு வச்சிருக்கீக! இதப்போயி ஏன் அண்ணாச்சி ஒளிச்சு வச்சீக?”