கழன்றால் கல்யாணம்

வேனுக்கு அடியிலிருந்து பெரிய முனகல் ஒன்று வந்தது. அத்தை மகனின் கால்கள் தரையை உதைத்தன. வேன் ஒரு அங்குலம் நகர்ந்தது, நட்டு நகரவில்லை.

"விடாதே கண்ணு! ஜிம்முக்குப் போற உடம்பாச்சே!" என்று நாற்காலியில் இருந்தபடியே அத்தை கத்தினாள்.

பட்டறைக் கதவோரம் நின்ற மெக்கானிக்கின் மகள் நகத்தைக் கடித்தாள். அந்த நட்டு கழன்றால் அவள் கதை முடிந்தது. அத்தை மகனுக்குத்தான் கழுத்தை நீட்ட வேண்டும்.

எல்லாம் அப்பாவின் ஏற்பாடு. பெண்ணைத் தன் மகனுக்குக் கொடு என்று அவருடைய அக்கா வந்து உட்கார்ந்துகொள்ள, மகளோ பல் டாக்டரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வாடிக்கையாளர்களிடம் சிங்கமாக உறுமுகிற அப்பாவுக்கு, அக்கா முன்னால் வாயைத் திறந்தால் கொட்டாவிதான் வரும்.

கடைசியில் அறிவித்துவிட்டார்: "ரேடியேட்டருக்குப் பின்னால இருக்கிற அந்த நட்டை எவன் கழட்டுறானோ, அவனுக்குத்தான் பொண்ணு!"

அத்தை தன் மகனின் புஜத்தைப் பார்த்துச் சிரித்தாள். "சரிடா தம்பி. பின்னாடி நீ கழண்டுக்கப் பார்க்காதே!"

மகளுக்கு இருந்தது ஒரே ஒரு தைரியம். வண்டிகளோடு பேசுவது அப்பாவின் பழக்கம். நேற்று அவள் டீ கொண்டுபோனபோதும் வேனோடு பேசிக்கொண்டிருந்தார்.

"ஊர்ல இருக்கிற நட்டெல்லாம் இடது பக்கம் திருப்பினா கழலும். உனக்கு மட்டும் தலைகீழ் மரை. வலது பக்கம் திருப்பினாத்தான் வருவே, என்ன?"

வேனுக்குக் காது மந்தம் போலும்; இரண்டு தடவை சத்தமாகச் சொன்னார். டீ ஆறுவதற்குள் அந்த ரகசியம் பல் டாக்டரின் காதுக்குப் போய்விட்டது.

அத்தை மகன் தோல் உரிந்த விரல்களோடு வெளியே வந்தான். "அந்த இண்டுல கையே நுழைய மாட்டேங்குது மாமா. பேசாம வேனை வித்துடுங்க."

"அடுத்தது டாக்டர்!" அப்பா கடுகடுவென்ற முகத்தோடு ஸ்பேனரை நீட்டினார்.

"பல்லுப் பிடுங்குற கை! நட்டுக்கு மரத்துப்போற ஊசி போடுவாரோ?" என்றாள் அத்தை.

பல் டாக்டர் வெள்ளைச் சட்டையோடு உள்ளே ஊர்ந்தார். ஒல்லிக் கை சுலபமாக நுழைந்தது. ஆனால் நடுக்கத்தில் பாடம் மறந்துபோய், மனிதர் இடது பக்கமாகவே திருப்பித் திருப்பி மூச்சு வாங்கினார்.

மகள் இருமினாள். செருமினாள். வலது கை வளையலைக் குலுக்கினாள். அடியில் இருப்பவருக்கு எங்கே கேட்கும்?

"போதும் டாக்டரே, வெளியே வாங்க. கல்யாணச் சாப்பாட்டுக்கு உங்களையும் கூப்பிடறோம்!" என்றாள் அத்தை.

"இரு அக்கா," என்றார் அப்பா. "வெளிச்சம் பத்தலைன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது." டார்ச்சை எடுத்துக்கொண்டு அவரும் வேனுக்கு அடியில் புகுந்தார்.

தோற்றுவிட்டாய், எழுந்திரு என்று சொல்லத்தான் போகிறார். விழுந்த துணியை எடுப்பவள்போல் மகள் மறுபக்கம் குனிந்தாள்.

அப்பாவின் கிசுகிசுப்பு கேட்டது:

"வலது பக்கம்னு அவ சொல்லலையா, மாப்ளே?"